போர்க்குதிரை முதல் பொறுமைக் குதிரை வரை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குதிரை என்றதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? பந்தயத் திடல் சிலருக்குத் தோன்றலாம். பழைய அரச படங்கள் சிலருக்குத் தோன்றலாம். கெடா மாநிலத் தோட்டப்புறத்தில் பிறந்த என்னைக் கேட்டால், மதுரை வீரன் சாமி ஏறி அமர்ந்திருக்கும் வெள்ளைக் குதிரைதான் முதலில் தோன்றும். சுங்கைப் பட்டாணிக்கு அருகில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் அப்படி ஒரு சிமெண்டுக் குதிரை நின்றது. ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்திலேயே சாமி இல்லாமல், சேணம் மட்டும் கட்டிய இன்னொரு சிறிய குதிரையும் இருந்தது.

என் அத்தை மகன் ஒருவன் இருந்தான். இருக்கிறான். பிறக்கும்போதே மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பினால் அவனுக்குக் கை கால்கள் விறைத்துக்கொண்டன. நடக்க வராது, தனியாக உட்காரவும் வராது. அத்தை பால்மரம் சீவப் போகும்போது பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார். ஆயாக் கொட்டகையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திருவிழா நாளில் மட்டும் இடுப்பில் சுமந்துகொண்டு கோயிலுக்கு வருவார். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு திருவிழாவில் அந்தச் சிறிய குதிரையைக் காட்டிக் காட்டி அழுதான். பூசாரி வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் மாமா அவனைத் தூக்கி அதன் முதுகில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவன் சிரித்த சிரிப்பு கோயில் முழுக்கக் கேட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகழ்ச்சித் தயாரிப்புக்காகச் சிலாங்கூரில் உள்ள ஒரு குதிரை லாயத்திற்குப் போயிருந்தேன். அங்கே மாற்றுத் திறனாளிக் குழந்தைகளை உண்மையான குதிரைமீது ஏற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அத்தை தொலைபேசியில் அழைத்தார். "ஏன் தம்பி, இது அப்பவே நம்ப பையனுக்குக் கிடைச்சிருந்தா அவன் நடந்திருப்பானா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்ட வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கடல்வழி வந்த செல்வம்

தமிழனுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு நேற்று இன்று தொடங்கியதல்ல. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தில் குதிரைகள் கடல்வழியாக வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. மணிவாசகரின் வரலாறும் குதிரையில்தான் திருப்பம் காண்கிறது. பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்தவர், அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கப் பொருளோடு புறப்பட்டு, திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு நரி பரியான கதையைத் திருவிளையாடற் புராணத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

புராணம் ஒருபுறம் இருக்கட்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், சற்றுப் பின்னர் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப்பும் இந்தக் குதிரை வாணிபத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வரவேண்டும் என்று ஏற்பாடு இருந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை வைத்ததாகவும் வாசாப் கூறுகிறார். ஆண்டுதோறும் ஏன் இத்தனை குதிரைகள்? வந்தவை பிழைக்கவில்லை என்பதே காரணம். இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் கட்டுவோரும் வைத்தியரும் இல்லை, பொருந்தாத தீனியைக் கொடுத்தார்கள், ஆகவே பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டுபோயின என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வாணிகர்கள், குதிரை அறிவுடையோரை இங்கு வரவிடாமல் தடுத்தார்கள் என்றும் குற்றம் சாட்டுகிறார்.

வெளிநாட்டார் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனாலும் அதிலே ஒரு பாடம் இருக்கிறது. குதிரைக்குப் பொன் கொடுப்பது எளிது. குதிரையை அறிந்தவனை உருவாக்குவதுதான் கடினம். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் மீண்டும் இதற்கு வருவேன்.

அடக்குவதா, பழக்குவதா?

குதிரைப் பயிற்சி என்றாலே நமக்கு நினைவுக்கு வருபவன் செஞ்சியின் தேசிங்கு ராஜன். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714-இல் போர்க்களத்தில் மாண்ட இளைஞன் அவன். யாராலும் அடக்க முடியாத ஒரு முரட்டுக் குதிரையை டெல்லியில் அவன் அடக்கிக் காட்டினான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் சொல்கிறது. திரைப்படமாகவும் வந்த கதை அது. குதிரை திமிற வேண்டும், வீரன் அடக்க வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும் என்பது நம் மனத்தில் பதிந்துவிட்ட சித்திரம்.

நான் இன்று பேசவந்த குதிரை இதற்கு நேர்மாறானது. அது திமிறாது. பாய்ந்து ஓடினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். யாரோ ஒரு குழந்தை அதன் முதுகில் திடீரென்று வீரிட்டு அலறும்போது, அது நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு வேண்டியது வீரம் அல்ல, பொறுமை.

துரையின் குதிரையும் சைஸின் கையும்

கெடா மாநிலம் 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்திற்கு மாறியது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம் அது. மோட்டார் வண்டி பரவலாகாத அந்த நாள்களில், வெள்ளைக்காரத் துரைமார்கள் பலர் காட்டைச் சுற்றிப் பார்க்க மட்டக்குதிரைகளை வைத்திருந்தார்கள். குதிரை இருந்தால் அதைக் கழுவவும், தீனி வைக்கவும், சேணம் கட்டவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அவர்தான் சைஸ். அரபு மொழியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக மலாயாவுக்கு வந்த சொல் இது. குதிரைகள் போய்க் கார்கள் வந்த பிறகும் சொல் போகவில்லை. கார் ஓட்டுநரையும் சைஸ் என்றே அழைத்தார்கள். மலாயாவின் குதிரை லாயங்களில் பாவேயன் தீவைச் சேர்ந்தவர்களும் நம்மவர்களும் இந்த வேலையைச் செய்தார்கள். 1864-இல் பினாங்கில் குதிரைப் பந்தய மன்றம் தொடங்கிய பிறகு லாய வேலைக்கான தேவை இன்னும் கூடியது.

எங்கள் வீட்டில் என் பூட்டனார் ஒரு சைஸ். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சமே. அதுவும் தாத்தா சொன்னது. விடியற்காலையில் துரை வருவதற்கு முன், குதிரையின் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்ப்பாராம். காதைப் பார்த்தே அன்றைக்கு அதன் மனநிலை என்ன என்று சொல்லிவிடுவாராம். குதிரை மிரண்டால் அடிக்க மாட்டாராம். தோளோடு தோள் உரசி நின்றுகொண்டு மெல்லப் பேசுவாராம். குதிரையில் ஏறிச் சவாரி செய்தவர் துரை. குதிரையை அறிந்திருந்தவர் பூட்டனார். ஆனால் தோட்டத்தில் அது 'மாடு மேய்ப்பது போல' ஒரு வேலையாகவே கருதப்பட்டது. அந்த அறிவு எழுதி வைக்கப்படவில்லை. அவரோடு போய்விட்டது. இன்று உலகம் முழுவதும் சிகிச்சைக் குதிரையைப் பழக்குகிறவர்கள் பணம் கட்டிப் படிப்பது ஏறக்குறைய அதே அறிவைத்தான்.

டென்மார்க்கு நாட்டுப் பெண்மணி

இனி இந்தக் கதையின் நாயகிக்கு வருவோம். அவர் பெயர் லிஸ் ஹார்டெல். டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்தவர், தேர்ந்த குதிரைச் சவாரியாளர். 1944-இல், 23 வயதில், கருவுற்றிருந்த நிலையில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. தாய் படுத்த படுக்கையானார். மெல்ல மெல்லக் கைகளுக்கு வலு திரும்பியது. முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவேயில்லை.

சவாரியை மறந்துவிடச் சொன்னார்கள். அவர் மறக்கவில்லை. பிறர் தூக்கி ஏற்றிவிட, குதிரையில் அமர்ந்து பழகினார். காலால் சொல்ல முடியாததை உடல் எடையை நகர்த்திச் சொன்னார். அந்த நுட்பமான அசைவுகளைப் புரிந்துகொள்ள அவருடைய குதிரை ஜுபிலியும் பழகியது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரை நடைப் போட்டியில் பெண்களும் கலந்துகொள்ளலாம் என்று முதன்முறையாக அனுமதி கிடைத்தது. லிஸ் ஹார்டெல் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். பரிசு மேடையில் அவரால் தனியாக ஏற முடியவில்லை. தங்கப் பதக்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயிண்ட் சீர் அவருக்குக் கைகொடுத்து உதவினார். 1956-இல் அதே ஜுபிலியோடு மீண்டும் ஒரு வெள்ளி.

அந்த மேடைக் காட்சி பல நாடுகளில் பலரை யோசிக்க வைத்தது. நடக்க முடியாதவர் சவாரி செய்ய முடியுமானால், அந்தச் சவாரியே ஒரு பயிற்சியாகாதா? ஐரோப்பாவில் உடலியக்கச் சிகிச்சையாளர்கள் சிலர் மட்டக்குதிரைகளோடு முயன்று பார்க்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1964-இல் எசெக்ஸ் வட்டாரத்துச் சிக்வெல்லில் மாற்றுத் திறனாளிகளின் சவாரிக்கென ஓர் அறக்கட்டளை தோன்றியது. அங்கும் இங்குமாக இயங்கிய குழுக்கள் ஒன்றுகூடி, 1969-இல் மாற்றுத் திறனாளிகள் குதிரைச் சவாரிச் சங்கம் பிறந்தது. அதே 1969-இல் அமெரிக்காவிலும் இத்தகைய அமைப்பு உருவானது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் சிகிச்சையாளர்கள் இதை மருத்துவ முறையாகவே வளர்த்தார்கள்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் இந்தச் சங்கம் 1982-இல் தொடங்கியது. சிங்கப்பூரில் பிறந்த லாரன்ஷியா டான் என்ற பெண்மணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெருமூளை வாதமும் செவித்திறன் இழப்பும் கொண்டவர். சிறுவயதில் குடும்பத்தோடு பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்து, ஐந்து வயதில் உடற்சிகிச்சையாகச் சவாரியைத் தொடங்கினார். 2008-ஆம் ஆண்டு பாராலிம்பிக்கில் இரண்டு வெண்கலங்கள் வென்று, சிங்கப்பூருக்கு முதல் பாராலிம்பிக் பதக்கத்தைத் தேடித் தந்தார். 2012 இலண்டன் போட்டியிலும் பதக்கங்கள் பெற்றார்.

சிமெண்டுக் குதிரையும் உயிருள்ள குதிரையும்

குதிரைமீது உட்கார்ந்தால் என்ன நடந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் அசைகிறது. மனிதன் நடக்கும்போது அவன் இடுப்பு எப்படி அசையுமோ, ஏறக்குறைய அதே அசைவு. ஒரு முறைகூட நடந்திராத குழந்தையின் இடுப்புக்கு, நடை என்றால் என்ன என்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் குழந்தையின் உடல் தன்னைத்தானே சமன்செய்துகொள்ள வேண்டும். எந்தச் சிகிச்சையாளரும் கையால் இந்த அசைவை அரை மணி நேரம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு என் மனத்தைத் தொட்டது. பெருமூளை வாதமுள்ள 15 குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஏழு பேரைக் குதிரையில் எட்டு நிமிடம் ஏற்றி நடத்தினார்கள். மீதி எட்டுப் பேரை அசையாத பீப்பாயின்மீது, குதிரையில் அமர்வது போலவே எட்டு நிமிடம் உட்கார வைத்தார்கள். முன்னும் பின்னும் தசைகளின் இயக்கத்தை அளந்தார்கள். குதிரையில் சென்ற குழந்தைகளுக்கு இடப்பக்கத் தசைக்கும் வலப்பக்கத் தசைக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வு தெளிவாகக் குறைந்தது. பீப்பாயில் இருந்தவர்களுக்கு அந்த அளவு மாற்றம் இல்லை.

என் அத்தை மகன் அன்று உட்கார்ந்தது சிமெண்டுக் குதிரை. அவனுக்கு மகிழ்ச்சி கிடைத்தது, அசைவு கிடைக்கவில்லை. ஆனால் மகிழ்ச்சியையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 127 சிறுவர்களையும் இளையோரையும் பத்து வாரம் கவனித்தார்கள். குதிரை லாயத்திற்கு வந்து, குதிரையில்லாமல் அதைப் பற்றிப் படித்துவிட்டுச் சென்ற குழுவைவிட, சவாரி செய்த குழுவில் எரிச்சலும் பரபரப்பும் குறைந்தன. பேச்சிலும் பழக்கத்திலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. சேதமடைந்த மூளைப் பகுதியைக் குதிரை சரிசெய்யாது. தெரிந்த உடற்சிகிச்சைகளோடு சேர்ந்து உதவும் ஒரு துணை, அவ்வளவே. அதிசயம் நடக்கும் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

குதிரைக்கு என்ன பாடம்?

சிலாங்கூர் லாயத்தில் பயிற்சியாளரிடம் முதலில் நான் கேட்ட கேள்வி, "எந்தக் குதிரையையும் பழக்கிவிட முடியுமா?" என்பதுதான். அவர் சிரித்தார். பத்துக் குதிரையைப் பார்த்தால் ஒன்றிரண்டு தேறினால் பெரிது என்றார்.

முதலாவது, வயது. துள்ளும் வயதைக் கடந்து, பலவற்றையும் பார்த்துப் பழகிய குதிரை வேண்டும். இரண்டாவது, நடை. நொண்டும் குதிரை, சமமற்ற அசைவைக் குழந்தையின் முதுகெலும்புக்குக் கொடுக்கும். அது நன்மையைவிடத் தீமையே செய்யும். ஆகவே 'ஓடாத கிழட்டுக் குதிரை போதும்' என்ற எண்ணம் தவறு. மூன்றாவது, உயரம். பக்கத்தில் நடப்பவர் கைநீட்டிப் பிடிக்கும்படி இருக்க வேண்டும். பொதுவாக 52 முதல் 60 அங்குல உயரக் குதிரைகள் வசதியானவை. நான்காவது, குணம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் ஏராளமாகக் கிடைக்குமே என்று தோன்றலாம். சிங்கப்பூரின் பந்தயத் திடல்கூட 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டது. ஆனால் முதுகில் ஆள் ஏறியதும் பாய வேண்டும் என்று கற்ற குதிரைக்கு, ஆள் ஏறியதும் நிற்க வேண்டும் என்று கற்பிப்பது நீண்ட வேலை. சில குதிரைகள் கற்றுக்கொள்கின்றன. பல கற்பதில்லை. அதை ஒப்புக்கொள்வதும் பயிற்சியாளரின் நேர்மைதான்.

பாடங்கள் ஒவ்வொன்றாக நடக்கின்றன. குதிரையில் இடப்பக்கத்திலிருந்தே ஏறுவது உலக வழக்கம். இடையின் இடப்பக்கம் வாள் தொங்கிய போர்வீரர் காலத்துப் பழக்கம் அது. ஆனால் வலக்கால் மட்டும் இயங்கும் ஒருவருக்கு அந்த வழக்கம் உதவாது. எனவே சிகிச்சைக் குதிரை இரு பக்கமும் ஆள் ஏறுவதற்குப் பழக வேண்டும். அடுத்து, சாய்தளத்தருகே நிற்பது. சக்கர நாற்காலி சாய்தளத்தில் ஏறி வரும். இரண்டு பேர் குழந்தையைத் தூக்கி மாற்றுவார்கள். சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் குதிரை ஓர் அடிகூட எடுத்து வைக்கக்கூடாது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அது தன்னைச் சுற்றிலும் பெரும்பகுதியைப் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து சக்கர நாற்காலி வந்தால் மிரளும். எனவே முதல் நாள் நாற்காலியைத் தொலைவில் நிறுத்திக் காட்டுகிறார்கள். குதிரை காதை முன்னே நீட்டிப் பார்க்கும். அமைதியானதும் நாற்காலியை அப்பால் கொண்டுபோகிறார்கள். மறுநாள் இன்னும் இரண்டடி நெருக்கம். பிறகு ஊன்றுகோல், பந்து, பலூன், குடை. அமைதியாக நின்றதற்குத் தட்டிக்கொடுப்பது உண்டு. மிரண்டதற்கு அடி இல்லை. அடித்தால் நாற்காலியையும் அடியையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு பெரியவர் ஒருவர் ஏறுகிறார். வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்கிறார், கையை வீசுகிறார், கத்துகிறார், பிடரியைப் பிடித்து இழுக்கிறார். குழந்தை செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவர் முதலில் செய்து பார்த்துவிட வேண்டும். குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், குழந்தையின் இரு பக்கமும் நடக்க இருவர் என்று மூன்று பேர் அதனோடு நடந்து பழக வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. முடிந்ததும் ஒரு குழந்தை ஏறும்.

குதிரைக்கும் ஓய்வு வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அமெரிக்க அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. குழந்தையும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. காதைப் பின்னால் மடக்கினால், வாலைச் சுழற்றினால், பல்லைக் காட்டினால், குதிரை 'எனக்குப் போதும்' என்கிறது என்று பொருள். என் பூட்டனார் காதைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தானே!

நம் நாட்டு வெயிலும் ஒரு சோதனை. குளிர்நாட்டுக் குதிரைகள் சில இந்தப் புழுக்கத்தில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுகின்றன. வியர்க்காத குதிரையின் உடல் சூடேறி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே காலையிலேயே வேலையை முடித்துக் குளிப்பாட்டி நிழலில் விட வேண்டும். நோயும் எல்லை தாண்டி வரும். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் மாண்டன. அதே ஆண்டு நம் நாட்டில் திரெங்கானுவிலும் அந்த நோய் கண்டறியப்பட்டது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய நம் கெடாவில் குதிரை வைத்திருப்போர் இதை மறக்கக்கூடாது.

யாருக்கு ஆகாது?

எல்லாக் குழந்தையையும் ஏற்றிவிட முடியாது. டவுன் நோய்க்குறி உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும். குதிரையின் அசைவில் தண்டுவடம் பாதிக்கப்படலாம். ஆகவே மருத்துவர் பரிசோதித்த பிறகே ஏற்ற வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்களுக்கும், இடுப்பு மூட்டு நழுவியவர்களுக்கும் சவாரி ஆகாது. மருத்துவர் கையொப்பமிட்ட தாள் இல்லாமல் குதிரையில் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அத்தைக்கு என் பதில்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அன்றே குதிரை கிடைத்திருந்தால் அவன் நடந்திருப்பானா?

நடந்திருக்க மாட்டான், அத்தை. உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சிறுவயதிலிருந்தே தகுந்த பயிற்சி கிடைத்திருந்தால், இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். முதுகு இந்த அளவு வளைந்திருக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பயிற்சிக்குக் குதிரைதான் வேண்டும் என்பதும் இல்லை.

நம் நாட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984-இலேயே திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிவிட்டது. பிறகு சமூகநல இலாகாவின் கீழ் நாடெங்கும் அந்த மையங்கள் பெருகின. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008 ஜூலை 7-இல் நடப்புக்கு வந்தது. 2010-இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. இவையெல்லாம் தோட்டத்து லயத்திற்குள் வந்து கதவைத் தட்டவில்லை. நாமும் கதவைத் திறந்து வெளியே போகவில்லை. தூரம் ஒரு காரணம், பஸ் இல்லாதது ஒரு காரணம், அரைநாள் சம்பளம் போய்விடுமே என்பது ஒரு காரணம். நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம், எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். கர்மவினை என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களும் நாம்தான்.

இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களின் குறைந்த விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். தூரம் குறைந்துவிட்டது. கூச்சம் மட்டும் ஏன் இன்னும் கூடவே வர வேண்டும்? உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், சமூகநல இலாகாவில் பதிந்து அட்டை எடுங்கள், மறுவாழ்வு மையத்தைக் கேளுங்கள். குதிரை பிறகு வரலாம்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குழந்தை அரை மணி நேரம் குதிரையில் போக மூன்று பேர் நடக்க வேண்டும் என்றேன். சவாரித் திட்டத்தின் உயிரே அந்தத் தொண்டர்கள்தான். வார இறுதியில் இரண்டு மணி நேரம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். குதிரைப் பராமரிப்பை ஒரு தொழிலாகவே படிக்க விரும்பினாலும் படியுங்கள். பாண்டியன் காலத்தில் பொன் கொடுத்துக் குதிரை வாங்கினோம், அறிவை வாங்கவில்லை. தோட்டத்தில் அறிவு நம் கையிலேயே இருந்தது, மதிக்கவில்லை. மூன்றாவது முறையும் தவறவிட வேண்டாம்.

இறுதியாக ஒன்று. கடந்த ஆண்டு அத்தையையும் அவர் மகனையும் அந்த லாயத்திற்கு அழைத்துப் போனேன். அவனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. மருத்துவர் முன்னரே பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு நழுவியிருப்பதால் சவாரி கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே அவன் ஏறவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பார்க்க மட்டும் வந்தான். பயிற்சியாளர் ஒரு பழுப்பு நிறக் குதிரையை அருகில் கொண்டுவந்தார். அது தலையைத் தாழ்த்தி, அவன் மடிக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றது. விறைத்த கையை அவன் நெற்றியில் கொண்டுபோய் வைக்க நேரம் பிடித்தது. கை உதறியது, ஒருமுறை கண்ணருகே பட்டது. குதிரை நகரவில்லை.

"நம்ப கோயில் குதிரை மாதிரியே நிக்குதே, தம்பி," என்றார் அத்தை.

அவன் சிரித்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் கோயிலில் கேட்ட அதே சிரிப்பு.